மேல்நிலை நுண்கலைச் செய்முறை வகுப்புகளுக்குத் தொடர் பாடவேளை கோரி மனு

அனுப்புநர்
மேல்நிலை வகுப்பு ஓவிய ஆசிரியர்கள்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: நுண்கலைப் பாடத்தின் நேரம், பொருட்கள், மதிப்பீடு – மாற்றம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் நுண்கலையைப் பாடமாக எடுப்பவர்கள் கையால் செய்துதான் கற்கிறார்கள். அவர்களுக்கும் ஏட்டுப் பாடங்களுக்குரிய 45 நிமிட வகுப்புகளே கிடைக்கின்றன. பலகை எடுத்து, தாள் ஒட்டி, வண்ணம் கரைக்க 10 நிமிடம்; தூரிகை கழுவி மேசை துடைக்க இன்னொரு 10 நிமிடம். மிச்சமுள்ள 25 நிமிடத்தில் பென்சில் கோடு போட்டு, நீர்வண்ணத்தின் முதல் பூச்சை இடலாம். அது காய்வதற்குள் மணி அடித்துவிடும். அவசரத்தில் ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சை இட்டால் கீழ் நிறம் கரைந்து கலங்கும், திட்டுத் திட்டாக நீர்க்கறை படியும். தட்டில் கலந்த நிறமும் அடுத்த வகுப்புக்குள் காய்ந்துபோகும். அதே சாயலை மறுபடி கலப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். இதையெல்லாம் மாணவரின் குறையாகக் கணக்கிட்டு மதிப்பெண் குறைப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வாரத்தில் ஆறு வகுப்புகள் சிதறி இருந்தால் வரையக் கிடைப்பது 150 நிமிடம். அதே ஆறையும் மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு நாட்களில் வைத்தால், எடுத்து வைப்பதும் கழுவித் துடைப்பதும் நாளுக்கு ஒருமுறையே என்பதால், 230 நிமிடம் கிடைக்கும். ஒரு பாடவேளைகூடக் கூடுதலாகத் தேவையில்லை. இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

அடுத்தது வெளிச்சம். கூரையில் வரிசையாக எரியும் குழல்விளக்குகளின் கீழ் ஒரு குடத்தை வைத்தால் நிழல் நாலு பக்கமும் மங்கலாக விழும். உருட்சி கண்ணுக்கே தெரியாது. தெரியாததை எப்படி வரைவது? ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும் ஒற்றை விளக்கும் ஜன்னல் திரையும் வேண்டும். அடுக்கிய பொருட்களை வேறு வகுப்பினர் நகர்த்தாதபடி ஒரு மூலையை ஒதுக்க வேண்டும்.

நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வழங்க வேண்டும். மெல்லிய தாள் நனைந்ததும் அலை அலையாக நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கிவிடுகிறது. கோட்டுப் பயிற்சிக்கு மெல்லிய தாளே போதும். தைலவண்ணம் பயிலும் அறைகளுக்குக் காற்றோட்டமும் மூடியுள்ள உலோகத் தொட்டியும் கட்டாயம். தைலவண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்துப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

மதிப்பீட்டில் மூன்று மணி நேரத் தேர்வோடு ஆண்டு முழுவதும் வரைந்த ஸ்கெட்ச் புத்தகத்துக்கும் பாதி மதிப்பெண் தர வேண்டும். ஒரே பொருளைப் பல கோணங்களில் வரைந்து பார்த்தது, கைவிட்ட அமைப்புகள், நிறச் சோதனைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். கவின்கலைக் கல்லூரிகள் சிலவும் சேர்க்கையில் படைப்புத் தொகுப்பைக் கேட்கின்றன. வரைந்த படைப்புகளைப் பாதுகாக்க அகலமான, தட்டையான இழுப்பறைகள் தேவை. சுருட்டி வைத்தால் சார்கோல் (கரித்துண்டு) ஓவியம் உரசி அழிந்துவிடும்.

பள்ளிகள் கால அட்டவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகின்றன. ஆகவே தொடர் பாடவேளை குறித்த சுற்றறிக்கையை அதற்கு முன்பாகவே தலைமை ஆசிரியர்களுக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள்