நாலாம் வருஷம் தொடங்குமுன்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள யாஸ்மின்,

நலம். போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. ரஷ்யாவில், நான் படித்த அதே கசானில் மருத்துவம் படிக்கும் உனக்கு எப்படிப் பணம் அனுப்புவது என்ற கவலையில் அத்தா இருந்தார். 2022 மார்ச்சிலிருந்து நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் எதுவும் ரஷ்யாவில் செல்லாது என்று ஆன பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் இதே பாடுதான். சீனியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உட்கார்ந்து விளக்கிவிட்டு வந்தேன், இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். உன் தம்பி என்னைவிட உயரமாகிவிட்டான். நாம் பொட்டாசியம் என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் அண்ணனுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பெண் யாரென்று நான் சொல்லமாட்டேன். நீ ரெண்டாம் வருஷம் படிக்கும்போதே நாம் சொன்னோமே, அவள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வாய்ஸ் மெசேஜின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று சொன்னாய்: "செப்டம்பர்லேர்ந்து வார்டுதான். அவங்க பேசுறது பாதி புரியாது. கடைசி வரிசைல நின்னு செல்லுல எஃப்.எம்.ஜி.இ. கிளாஸ் பார்த்துட்டு வந்துடுவேன். கேஸ் ஹிஸ்டரிதான் சீனியர்ங்ககிட்ட ரெடியா இருக்கே." வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுதித் தேறவேண்டிய பரீட்சைதான் எஃப்.எம்.ஜி.இ., அதற்காக வார்டை விடுவதா? அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

இங்கே பயிற்சி டாக்டராக எனக்கு இப்போது சர்ஜரி போஸ்டிங். வடசென்னையில் நைட் டியூட்டி என்றால் கேஷுவாலிட்டிக்கு வருபவர்களில் பாதிப் பேர் வெளிமாநிலத் தொழிலாளிகள். பட்டறை, கட்டட வேலை, துறைமுகப் பக்கம் லோடு ஏற்றுகிறவர்கள். போன வாரம் ராத்திரி ஒடிசாக்காரப் பையன் ஒருவனைக் கூட வேலை செய்பவன் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். வாந்தி, வயிற்று வலி. தமிழ் சுத்தமாகத் தெரியாது, இந்தியும் ஒரு சொல், ரெண்டு சொல்தான். ஹாஸ்டலில் உன் ரூம்மேட்டோடு சண்டை போட்டுப் போட்டு நான் கற்ற இந்தி அவனுக்கு உதவவில்லை. "சரியா சாப்பிட்டிருக்க மாட்டான், அல்சரா இருக்கும், ஊசி போட்டு அனுப்பலாம்" என்றார்கள். கூட்டம் அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நான் பேசுவதை விட்டுவிட்டு அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, வெளியே ஜன்னலைக் காட்டி, காலையில் எங்கே வலித்தது என்று சைகையில் கேட்டேன். விரல் நெஞ்சுக்குழிக்குப் போனது. இப்போது எங்கே என்றேன். வலது பக்கம், அடிவயிற்றுக்கு இறங்கியது. எனக்குச் சட்டென்று கசானில் சர்ஜரி சொல்லிக்கொடுத்த நம் கரண்டி மேடம் முகம்தான் வந்தது. மேலே தொடங்கி வலது கீழே இறங்கும் வலி, அப்பெண்டிக்ஸுக்கான கோஹர்–வோல்கோவிச் அறிகுறி! மெதுவாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். முகம் சுருங்கி, முட்டியை மடித்துக்கொண்டான். அது சித்கோவ்ஸ்கி, அதற்கான இன்னொரு அறிகுறி. மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வயிற்றை அழுத்திச் சட்டென்று கையை எடுத்ததும் பையன் துள்ளிவிட்டான். ஸ்கேன், அப்பெண்டிக்ஸ், விடிவதற்குள் தியேட்டர். மறுநாள் ரவுண்ட்ஸில் அவன் டிரிப்ஸ் கையோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினான். "விரலை வெச்சுக் கேக்கறதை எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று பி.ஜி. கேட்டார். கசானில் என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா.

இதை உனக்கு ஏன் சொல்கிறேன்? கரண்டி மேடம் நமக்கு ரஷ்யன் வராது என்று தெரிந்துதான் அப்படிக் கற்றுக்கொடுத்தார். கேள்வி மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதில் வரும்போது வாயைப் பார்க்காமல் கையைப் பார். "க்த்யே பலீத்?", எங்கே வலிக்கிறது, என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில். இங்கே நம்மூரில் படித்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நம்மைவிட நிறையக் கேஸ் பார்த்தவர்கள். ஆனால் நோயாளி பேசும் மொழி தங்களுக்குத் தெரியாது என்ற நிலை அவர்களுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. நமக்கு அது தினசரி. அந்தக் கஷ்டத்தில் ஒரு பழக்கம் கைக்கு வருகிறது யாஸ்மின், அதைப் போய்க் கடைசி வரிசையில் நின்று விட்டுவிடாதே.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நம்மை அனுப்பி வைத்த ஏஜெண்டுகள் இதையெல்லாம் சொல்லவே இல்லை. "ஆறு வருஷமும் முழுக்க இங்கிலீஷ், மொழி ஒரு பிரச்சினையே இல்லை" என்று உன் அத்தாவிடம் சொன்ன அதே வாய்தான் என் அம்மாவிடமும் சொன்னது. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி பாடம் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும், நடக்கவும் நடக்கிறது. ஆனால் வார்டில் கிடக்கிற பாபுஷ்காவுக்கு, அந்த ஊர்ப் பாட்டிக்கு, ஆங்கிலம் எப்படித் தெரியும்? கிராமத்திலிருந்து வந்த கிழவிகள் சிலர் வலி வந்தால் ரஷ்யனையும் விட்டு அந்தப் பகுதியின் தாத்தார் மொழியில் முனகுவார்கள். இன்னும் எத்தனை வீட்டில் இதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஊசிக்குப் பயந்த பிள்ளைகூடச் சமாளித்துவிடும், நோயாளி பேசுவது புரியாமல் ஆறு வருஷம் நிற்பது அதைவிடக் கொடுமை.

ஆனால் அதற்கு மருந்து ஒதுங்கி நிற்பதில் இல்லை. உனக்கு அங்கே எனக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. நோயாளியைப் பரிசோதிக்கக் கற்கும் ப்ரொபெதெவ்திகா பாடத்தின் சமயத்தில் அந்தத் தாத்தார்ப் பாட்டி உன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, குல் ஷரீஃப் மசூதிக்குப் போனாயா என்று விசாரித்தாளே, அன்றைக்கு வேறு யாருக்கும் தொடக்கூட விடாத வயிற்றை உன்னிடம் காட்டினாள். நீ சொன்னதெல்லாம் "இசென்மெசெஸ்" என்று ஒரு வணக்கம், முடிவில் நன்றிக்கு ஒரு "ரஹ்மத்". அதற்கே அப்படி! நீ போய் செல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்கிறாய். உன்னை என்ன செய்வது?

எஃப்.எம்.ஜி.இ. பயம் எனக்கும் தெரியும். ஒரே நாளில் 300 கேள்வி, 150 எடுக்கவேண்டும், தேறுபவர்கள் பெரும்பாலும் கால்வாசியைச் சுற்றித்தான். வருஷத்துக்கு ரெண்டு முறை நடந்தாலும் ஒவ்வொரு தோல்வியும் வீட்டில் எப்படி விழும் என்று என் செட்டிலேயே பார்த்தோம். சங்கீதா இன்னும் யார் போனையும் எடுப்பதில்லை. நான் நேரில் போய்க் கதவைத் தட்டலாம் என்றிருக்கிறேன். அதனால் படிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வீடியோவை ராத்திரி பார். காலை எட்டிலிருந்து மதியம்வரை வார்டை வார்டுக்குக் கொடு. எனக்குப் பரீட்சையில் கேஸ் வடிவில் வந்த கேள்விகளில் நிறைய, படித்து நினைவு வைத்தவை இல்லை. படுக்கையில் பார்த்த ஆள் கண்முன் வந்து நின்றார்.

இனி நீ செய்யவேண்டியது. ஒவ்வொரு சைக்கிளுக்கும், அதாவது ஒவ்வொரு துறையில் வார்டு பார்க்கும் சுற்றுக்கும், ஒரு நோயாளியின் கேஸ் ஹிஸ்டரி எழுதச் சொல்வார்களே, சீனியரின் பழைய பேப்பரைத் தொடாதே. நோயாளியை அவர் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்துக் கூப்பிடு, வெறும் பெயர் சொன்னால் முகம் கொடுக்கமாட்டார்கள், உனக்கே தெரியும். முதலில் தொந்தரவு என்ன, அப்புறம் எப்போது எப்படித் தொடங்கியது, அப்புறம் குடும்பம், வேலை. இந்த மூன்றையும் தப்புத் தப்பான இலக்கணத்தோடு கேள். அவர்கள் திருத்துவார்கள், திருத்தும்போதே கதையும் வந்துவிடும். ஒரு பாபுஷ்கா என் வேற்றுமை உருபைத் திருத்திய கையோடு, டாக்டரிடம் மறைத்த கணவரின் குடியைச் சொல்லிவிட்டாள். புரியவில்லை என்றால் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டுவிடு. புரிந்ததுபோல் தலையை மட்டும் ஆட்டாதே, சத்தியமாக ஆட்டாதே. அந்தத் தலையாட்டலை நம்பி ஒரு ஒவ்வாமையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

என் பச்சை நோட்டு நான்காவது மாடி ஜூனியர்களிடம் இருக்கிறது. கேள்விகள் எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பின்பக்கத்தில் பதில்களில் அடிக்கடி வருபவை. இன்றே போய் வாங்கு. முதல் சைக்கிள் எது என்று தெரிந்ததும் சொல். சர்ஜரி என்றால் கரண்டி மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லி, அந்த ஒடிசாப் பையன் கதையை உன் ரஷ்யனில் நீயே சொல்லவேண்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

ஜனவரியில் வரும்போது சக்-சக் இனிப்பு ரெண்டு பெட்டி. ஒன்று எனக்கு, ஒன்று உன் தம்பிக்கு. அம்மாவுக்கு மருந்துச் சீட்டை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
செல்வி