வரலாற்றுச் சுவர்ப்படத்தில் உள்ள பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
படிப்பகப் பொறுப்பாளர்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: கடற்போர்களும் போர்க் கௌரவங்களும் பற்றிய சுவர்ப்படத்தை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் படிப்பகத்துக்காகத் தங்களிடம் வாங்கிய மேற்படி படம் மாணவர்கள் பார்வைக்கு வைக்கத் தகுந்ததாக இல்லை. சட்டத்தின் மூலை பிளந்திருந்ததை நாங்களே ஒட்டிக்கொண்டோம். அதற்காக இக்கடிதம் எழுதவில்லை.

படத்தின் நடுவில், கப்பல்களின் பின்புறமும் பாய்களும் மாறி மாறி அமைந்த கடற்கிரீடமும், அதன் மேல் 1782 ஏப்ரல் 12 என்ற நாளும் உள்ளன. சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்த்ததற்காகப் பிரிட்டிஷ் காலாட்படைக்குக் கிடைத்த கௌரவம் இது என்று கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். அன்று இலங்கையின் கிழக்குக் கரையையொட்டிப் புரோவிடியன் என்ற பாறைத் தீவின் அருகே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் சுஃப்ரனும் மோதியது உண்மைதான். ஆனால் அதே நாளில் மேற்கிந்தியத் தீவுக் கடலில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ரோட்னி, பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸைத் தோற்கடித்தார். ரோட்னியின் கப்பல்களில் கடற்சிப்பாய்களாகப் பணியாற்றிய 69ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் நினைவாகவே, அதன் வழிவந்த வெல்ஷ் ரெஜிமெண்டுக்கு 1909இல் அக்கிரீடம் வழங்கப்பட்டது. தரைப்படையினர் கப்பலேறிப் போரிட்டதற்கான அபூர்வச் சின்னத்தை, நாள் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வங்கக்கடலில் சேர்த்துவிடலாமா?

எங்கள் ஊராருக்கு இதைவிட உறுத்துவது, 1783 ஜூன் 20 அன்று நடந்த கடலூர்ப் போரைப் பிரிட்டிஷ் வெற்றி என்று குறித்திருப்பதாகும். ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்களும் சுஃப்ரனிடம் 15 கப்பல்களும் இருந்தன. இரு தரப்பிலும் கப்பல் எதுவும் பறிபோகாவிட்டாலும், சென்னைக்குப் பின்வாங்கியவர் ஹியூஸ்தான். அதனால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் தளபதி ஸ்டூவர்ட்டின் படை கடல்வழித் துணையின்றி நின்றது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்த பிறகே சண்டை ஓய்ந்தது.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, “அது அலங்காரப் படம்தானே சார்” என்று தங்கள் ஊழியர் பதிலளித்தார். உறையின் மீது ‘மாணவர்களுக்கான வரலாற்றுப் படம்’ என்று அச்சிட்டவர்கள் தாங்கள்தான்.

எனவே, பிழை திருத்திய படத்தைத் தங்கள் செலவில் அனுப்பவோ, முழுத் தொகையைத் திருப்பித் தரவோ வேண்டுகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிடில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீதின் நகலையும் படத்தின் ஒளிப்படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர்