அக்காவின் எடையும் நான்கு மணி நேரத் தூக்கமும்

மான்செஸ்டர்,
ஜனவரி 18.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். செல்வி எழுதிய கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கைக்குக் கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் பேசுவதும் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ காதில் வாங்கமாட்டாய் என்பதால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

உன் எடை 74 கிலோ ஆகிவிட்டது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள் என்று நீ ராத்திரிச் சோற்றையே நிறுத்திவிட்டாய் என்று செல்வி எழுதியிருக்கிறாள். சின்னம்மா வேறு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தின்றே ஊதிப்போனாள் என்று சொன்னார்களாம். படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் இரண்டு கை சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுகிறவள் நீ. உன் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் விசாரித்திருக்கிறார்கள்; உன் தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்றரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, மாட்டைக் கறந்து, சோறு பொங்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்குப் போய், நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் கூடலூருக்குத் திரும்பி, மச்சான் கடையடைத்து வரும்வரை விழித்திருந்து நீ படுக்கும்போது பதினொன்றரை ஆகிறது. கணக்குப் பார்த்தால் நான்கு மணி நேரம்தான்.

அக்கா, இதை நான் என் ஊகத்தில் சொல்லவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு இரத்தத்தைச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்த நாட்களோடு ஒப்பிட்டால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்கு ஆசை அதிகம் போனதும் இனிப்பு, மாவுப் பண்டங்களின் பக்கம்தான். குமுளியில் மூன்று மணிக்குக் கட்டன் சாயாவோடு பழம்பொரி தின்னாமல் இருக்க முடியவில்லை என்று போனில் நீயே சொன்னாயே, அது உன் நாக்கின் குற்றமில்லை. இரவுப் பணியில் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் வார்டிலும் எல்லோருடைய கையும் பிஸ்கட் டப்பாவுக்குத்தான் போகிறது. அந்த நேரத்தில் ஆப்பிளை எடுத்து ஒருவரும் நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் எங்களைப் போன்ற நர்ஸ்கள் 68,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதினாறு ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமாக எடை ஏறியிருந்தது. ஒரு கிலோ சிறியதுதான். தூக்கம் ஒன்றே உன் எடைக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வயதும் இருக்கிறது, தைராய்டையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் சொன்ன சாப்பாட்டுக் கணக்கை வைத்து அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை என்பதைச் சின்னம்மாவிடம் நீ அவசியம் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை நீ ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதுதான். அதே சிகாகோவில் 2010-இல் இன்னொரு ஆய்வு வந்தது. எடை கூடிய பத்துப் பேருக்கு அளவுச் சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டு முறையும் மூன்று கிலோவை ஒட்டியே எடை இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மற்றதெல்லாம் பெரும்பாலும் சதை முதலான உடம்பின் பலம். மலையேறிப் பிழைக்கிற உனக்குக் கால் சதை கரைந்தால் என்ன மிஞ்சும்? தூக்கத்தையும் கெடுத்துச் சோற்றையும் நிறுத்தாதே. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த எண்பது பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. அதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்க வைக்கப்பட்டவர்கள், யாரும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாமலே தினமும் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து இட்லி.

இங்கே பக்கத்து வீட்டு மார்கரெட் பாட்டியை நீ பார்க்க வேண்டும். எண்பது வயது. மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்து, ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிப் போர்வைக்குள் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார். நான் காலையில் வேலை முடிந்து வருவதைக் கவனித்துவிட்டு, பகல் வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலை இரண்டைத் தாமே கொண்டுவந்து கொடுத்து, நாற்காலி மேல் ஏறி நான் மாட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். இரவு வேலை நானாகக் கேட்டு வாங்கியதுதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. அறையில் ஹீட்டரை எந்நேரமும் போட வேண்டியதில்லை, இரண்டு ஸ்வெட்டர் போதும்.

திரையை இழுத்துவிட்டால் அறை நடுராத்திரி போல இருட்டிவிடுகிறது. ஆனாலும், மொட்டைமாடியில் பாயை விரித்து, மலைக்காற்று வீச, ஏலக்காய் வாசம் போகாத உன் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கிய தூக்கம் இங்கே எனக்கு ஒரு நாளும் வரவில்லை அக்கா. கண்ணை மூடினால் உன் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். தண்ணீர் பிடிப்பதையும் மாட்டைக் கறப்பதையும் பாண்டி பார்த்துக்கொள்ளட்டும். பதினெட்டு வயதுப் பையன் நான்கரைக்கு எழுந்தால் தேய்ந்துபோக மாட்டான். மச்சானுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு நீ ஒன்பதரைக்குப் படுத்துவிடு, ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். நான் சொன்னதாக மச்சானிடம் சொல், அவர் மறுக்கமாட்டார். நீ பலமாகக் குறட்டை விடுகிறாய், நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறாய் என்றும் செல்வி எழுதியிருக்கிறாள். அதை அலட்சியம் செய்யாதே. எடை கூடினால் தொண்டையில் காற்றுப் பாதை குறுகும், அதனால் தூக்கம் மறுபடியும் கெடும். க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அம்மாவின் கண்ணைக் காட்டப் போகும் நாளிலேயே நீயும் இதைச் சொல்லிக் காட்டிவிட்டு, தைராய்டுக்கும் இரத்தம் கொடுத்துவிடு.

சீட்டுப் பணம் அடுத்த மாதம் பத்துத் தேதிக்கு மேல்தான் அனுப்ப முடியும். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. ராசு அண்ணனிடம் அதுவரை பொறுக்கச் சொல். செல்வியின் காலேஜ் பீஸை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதே, அதைத் தனியாக அவள் கணக்கிலேயே போட்டுவிடுகிறேன். வண்டன்மேட்டுக்காரர்கள் பெண் கேட்டு வந்தால், படிப்பு முடியட்டும் என்று மச்சானையே நேராகச் சொல்லச் சொல். மேலத்தோட்டத்துப் பட்டாவின் நகல் ஒன்று எனக்கு வேண்டும், பாண்டியைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்.

உன் அன்புத் தங்கை,
மலர்