முதல் பெஞ்சு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேளாத, குறைவாகக் கேட்கும் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்த்து, முதல் பெஞ்சில் உட்கார வைப்பதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. பாடம் ஓரளவு கிடைக்கும், சிநேகிதம் கிடைக்காது. பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல வகுப்பே சிரிக்கும். இந்தப் பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சு அடங்கியிருக்கும். 'என்னடா?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்பார்கள். சொல்லமாட்டார்கள். நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிக்கப் பழகிக்கொள்ளும். 'நல்லாத்தான் பழகுது' என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புவார்கள்.

முதல் இரண்டு வரிசைக்குள் ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தால் கரும்பலகையும் தெரியும், லேசாகத் திரும்பினால் பேசுகிறவர் முகமும் தெரியும். ஆசிரியர் ஜன்னலை முதுகுப்பக்கம் வைத்து நிற்கக் கூடாது. முகம் இருட்டி உதட்டசைவு மறைந்துவிடும். காதொலிக் கருவி ஒன்றிரண்டு மீட்டருக்குள் பேசுவதைத்தான் தெளிவாகத் தரும். அதைத் தாண்டினால் ஃபேன் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம் எல்லாம் பேச்சோடு கலந்துவிடும். எனவே குழு வேலைக்கு நான்கு பேர் போதும். வட்டமாக உட்கார்ந்து, கைதூக்கிவிட்டு ஒவ்வொருவராகப் பேசட்டும். வகுப்பறையைவிட வராந்தா மூலை நல்லது.

கருவி 'கீ' என்று கத்துவதால் வரும் கேலி தனி. பழுது என்று நினைத்துக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிள்ளையின் காது வளர்ந்து, கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும். கசியும் ஒலி திரும்ப மைக்கிலேயே போய் விழுவதால்தான் அந்தச் சத்தம். புது அச்சு எடுத்தால் நின்றுவிடும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விளையாட்டில் விசிலோடு ஒரு கொடியையும் ஆட்டினால், ஆட்டம் நின்ற பிறகும் ஓடி ஏச்சு வாங்க வேண்டியதில்லை.

சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நடைமுறையில் வட்டார வள மையச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய்வர வேண்டியவர். அவர் வராத நாட்களில் அந்தப் பிள்ளையோடு பேச வேண்டியது வகுப்புத் தோழர்கள்தான். அவர்களுக்குக் காலை வழிபாட்டு நேரத்தில் தினம் இரண்டு சைகை சொல்லித்தரலாமே. 'வா', 'யார்', 'மறுபடி சொல்', 'என்ன ஜோக்?' போன்ற பேச்சுச் சைகைகள் முதலில் வரட்டும்.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஒருவராகச் சிதறடிக்காமல், பெற்றோர் சம்மதித்தால், இரண்டு மூன்று பேரை ஒரே பள்ளியில் சேர்க்க வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
செவித்திறன் குறையுடையோருக்கான சிறப்பாசிரியர்கள் சிலர்,
திருச்சி.