மடிப்பு ட்ரெய்லரின் அடியில் இருக்கும் ஓட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனி பிறந்தால் போதும், கொழும்பில் பலருக்கு நுவரெலியா நினைப்பு வந்துவிடும். என் தங்கையின் மகனுக்கும் வந்துவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு நீர்கொழும்பில் ஒருவரிடம் பழைய மடிப்பு ட்ரெய்லர் ஒன்றை வாங்கினான். அவுஸ்திரேலியாவில் செய்தது. மூடியிருக்கும்போது பெரிய தகரப்பெட்டி மாதிரிக் கிடக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டில் வெளியே இழுபடும், சுற்றிவரக் கன்வஸ். போன மாதம் அதைக் கொட்டாஞ்சேனைக்கு இழுத்துவந்து என் வாசலில் நிறுத்திவிட்டு, "மாமா, இதுக்கு அடியிலை நாலு ஓட்டை இருக்கு. அடைச்சுத் தாங்கோ. போன முறை குளிரிலை பிள்ளையள் விடிய விடிய நித்திரை கொள்ளேல்லை" என்றான். கையோடு ஒரு சிலிக்கன் குழாயும் வாங்கி வந்திருந்தான்.

நான் கோட்டையில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில் 31 வருடங்கள் வேலை செய்தவன். சமையலறைக்குப் போகும் காஸ் குழாய்களைப் பார்ப்பது என் பொறுப்பு. ட்ரெய்லரைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் காஸ் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். அதனால் குழாயை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நிலத்தில் கார்ட்போர்ட் மட்டையை விரித்து அடியில் படுத்தேன். (எனக்கு வயது 67. எழும்புவதற்கு மருமகன் கை கொடுக்க வேண்டியிருந்தது.)

அவன் சொன்னது சரி, நான்கு ஓட்டைகள்தான். ஆனால் நான்கும் ஒரே வேலைக்கானவை அல்ல. ஒன்று சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தட்டில். இன்னொன்று அடுப்புக்குக் கீழே உள்ள அலுமாரியின் தரையில். மூன்றாவது கதவோரம், தரையின் பதிவான மூலையில். இந்த மூன்றுக்கும் கம்பி வலை போட்டிருந்தது. நான்காவது பின்பக்கம், வலை இல்லாத சின்ன வட்டம். வயர் போவதற்காகத் துளைத்தது, அதன் ரப்பர் வளையம் எப்போதோ விழுந்துவிட்டது. வலை போட்ட மூன்றில் ஒன்றை முன்பு வைத்திருந்தவர் பழைய சாரத் துணியைத் திணித்து அடைத்திருக்கிறார். இன்னொன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஆக, மூன்றில் ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது. போன வருடம் அப்படியேதான் பிள்ளைகளோடு உள்ளே படுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் அதுதான். அந்த ஓட்டைகள் காற்று உள்ளே வருவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் அடித்தால் அடைத்துவிடலாம், கரப்பான் வந்தால் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது. உண்மையில் அவற்றின் முதல் வேலை, கசிந்த காஸைக் கீழே விழ விடுவது.

2021 கார்த்திகை, மார்கழியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டருக்குள் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று தேத்தண்ணிக் கடைகளில்கூட வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். அந்தக் கணக்கு எப்படி மாறினாலும் ஒன்று மாறாது. இரண்டுமே காற்றைவிடப் பாரமானவை. புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பதிவான இடம் தேடி ஓடும். எங்கள் ஹோட்டலில் நிலக்கீழ் அறைக்குள் ஒரு சின்னச் சிலிண்டரைக்கூடக் கொண்டுபோக விடாததற்கு இதுதான் காரணம்.

இப்போது மடிப்பு ட்ரெய்லரை நினைத்துப் பாருங்கள். மேல் பாதி முழுவதும் கன்வஸ், நாலு பக்கமும் ஜன்னல். பார்க்கிறவருக்கு இதைவிடக் காற்றோட்டமான இடம் உண்டா என்று தோன்றும். ஆனால் கீழ்ப்பாதி நாலு பக்கமும் அடைத்த ஒரு தொட்டி. குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல காஸ் அங்கே நிற்கும். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தாலும் அந்த அடிப்பகுதியைத் தாண்டி வெளியே போக அதற்கு வழி இல்லை. தொட்டிக்கு அடியில் துவாரம் வேண்டுமா, வேண்டாமா?

அளவும் சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் கிடைக்கும் 2.3 கிலோ சின்னச் சிலிண்டர் முழுவதும் வெளியே வந்தால் ஏறக்குறைய ஒரு கன மீற்றர் காஸ். காற்றில் 2 வீதம் அளவுக்குக் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் அந்தச் சின்னச் சிலிண்டர் ஏறக்குறைய 50 கன மீற்றர் காற்றைக் கெடுக்கப் போதும். மருமகனின் ட்ரெய்லரை முழுவதும் விரித்தாலும் உள்ளே 15 கன மீற்றர்தான் வரும். அவன் கொண்டுபோவது 5 கிலோ சிலிண்டர். மணம் வந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டான். மணத்துக்கென்றே ஒரு மருந்து சேர்க்கிறார்கள்தான். ஆனால் காஸ் தரையில், இவர்களின் மூக்கு கட்டிலில். போதாததற்கு நுவரெலியாக் குளிரில் எல்லோருக்கும் தடிமன்.

மடித்து இழுத்துப்போகும்போது இன்னும் மோசம். இடம் சுருங்கிவிடும், கன்வஸும் உள்ளே மடிந்துவிடும். சிலிண்டரின் வால்வைப் பூட்ட மறந்து அவிசாவளை, கித்துல்கலை வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போனால், ஏதாவது ஒரு இணைப்பு தளர்ந்தால் போதும். ஹற்றனில் நிறுத்திக் கூரையைத் தூக்கி அடுப்பைப் பற்றவைக்கிறவரை ஒருவருக்கும் தெரியாது. அதனால் புறப்படுமுன் வால்வு பூட்டு. சேர்ந்த பிறகு சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசிப் பார். குமிழி வந்தால் அடுப்பைத் தொடாதே. இதை அவனிடம் மூன்று தரம் சொன்னேன்.

சரி, குளிர்? குளிரும் அந்த ஓட்டைகளால் வந்ததல்ல. அந்த இரண்டு கட்டில்களும் ட்ரெய்லரின் உடம்புக்கு வெளியே அந்தரத்தில் நிற்கின்றன. கட்டில் பலகைக்கு அடியில் வெறும் காற்று. கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில், இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும் ஊரில் அப்படிப் படுத்தால் முதுகு விறைக்காமல் என்ன செய்யும்? மெத்தைக்குக் கீழே தடித்த ரெஜிபோமும் அதன்மேல் ஒரு கம்பளியும் போடச் சொன்னேன். ஓட்டைகளுக்கு முன்னால், அடிப்பக்கம், இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஒரு தகரத் துண்டைத் தொங்கவிட்டேன். காற்று நேரே அடிக்காது, காஸ் இறங்க வழியும் இருக்கும்.

வலை விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. அவன் நுளம்பு வலை போடலாம் என்றான். நுளம்பு வலையின் கண் மிகச் சிறிது. இரண்டு பயணத்தில் தெருப்புழுதியும் சேறும் பிடித்து அடைபட்டுவிடும், அடைபட்டது மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கொஞ்சம் பெரிய கண் உள்ள கம்பி வலை போட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுவது நல்லது. குளவிக்கும் அதுதான் வைத்தியம்.

இன்னொன்றும் உண்டு, ஓட்டை இருக்கிறதே என்று இதில் ஏமாறக்கூடாது. அடி ஓட்டை காஸுக்கு. கரியோ பெற்றோலோ எரியும்போது வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு அல்ல. அது காற்றைவிடச் சற்று இலேசு, கிட்டத்தட்ட ஒரே பாரம். கீழே விழாது, மணமும் கிடையாது. குளிருக்கு என்று கரி அடுப்பை உள்ளே எடுத்துவைத்து கன்வஸை இழுத்துப் பூட்டிக்கொண்டு படுக்கிறவர்களை அடி ஓட்டை காப்பாற்றாது. மேலே ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், கரி வெளியேதான் இருக்க வேண்டும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் வாங்கிய பெற்றோல் ஜெனரேட்டர்கள் இப்போது இப்படிப் பயணங்களுக்குத்தான் பயன்படுகின்றன. அதை ட்ரெய்லருக்குப் பக்கத்தில் ஓடவிட்டால் காஸ் இறங்க வைத்த அதே ஓட்டையால் புகை மேலே ஏறும். தூரத்தில், காற்று வீசிப்போகும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் உதிரிப்பாகம் வாங்கி, கொழும்பிலேயே இப்படியான ட்ரெய்லர் செய்து கொடுக்கிற வெல்டிங் பாஸ்மாரும் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் வேலை வெகு சுத்தம், தரையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. கேட்டால் "தூசி வராது ஐயா" என்றார் பெருமையாக. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தரையில் ஓட்டை விட்டால் வாங்குகிறவர் வேலை சரியில்லை என்பார். ஆகவே செய்கிறவர்களிடமும் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் உங்கள் பத்திரிகை மூலம் ஒன்று கேட்கிறேன். அடுப்புக்குக் கீழும் சிலிண்டர் பெட்டியிலும் ஓட்டை விடுங்கள். அதன் பக்கத்தில் "காஸ் வெளியேறும் வழி, அடைக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் பெயின்டால் எழுதிவிடுங்கள். ஓட்டை ஏன் இருக்கிறது என்று தெரியாததால்தான் அந்த மனிதர் சாரத்தைக் கிழித்துத் திணித்திருக்கிறார்.

மருமகன் ஏப்ரல் 10ஆம் திகதி புறப்படுகிறான். சாரத் துணியைப் பிடுங்கி எறிந்தேன், குளவிக்கூட்டைச் சுரண்டி எடுத்தேன். வயர் போகும் நான்காவது ஓட்டையை மட்டும் அவன் கொண்டுவந்த சிலிக்கனால் அடைத்துக் கொடுத்தேன். மிச்சக் குழாயை நான் அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு ஊழியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.