ஃப்ரீ கால் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் இணைய அழைப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பெற்றோர் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரை முழுக்க 'இலவசம்' என்ற சொல் ஆறேழு தடவை வந்தது பாருங்கள், எனக்கு அங்கேதான் இடித்தது. திருப்பூரில் 1993-லிருந்து 2008 வரை எஸ்டிடி, ஐஎஸ்டி பூத், அதாவது வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் காசு கட்டிப் பேசும் போன் கடை நடத்தியவன் நான். போன் பேச்சில் காசு எங்கே விழுகிறது, எங்கே ஒழுகுகிறது என்பதைப் பதினைந்து வருஷம் சிவப்பு எண் மீட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்து தெரிந்துகொண்டவன். அந்த உரிமையில் நாலு வார்த்தை சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த எல்லோரிடமும் ஐஎஸ்டி வசதி கிடையாது. ஜெர்மனியில் காலை ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியம் ஒன்றரை மணி ஆகியிருக்கும், அதனால் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு நேராக என் பூத்துக்கு வருவார்கள். நிமிடத்துக்கு ஐம்பது அறுபது ரூபாய் ஓடிய காலம். ஒரு கம்பெனிக்காரர் பேச வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் இரண்டு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக் கதவைத் திறப்பார். உள்ளே போனதும் கண் மீட்டரை விட்டு நகராது. ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று ஒருநாள் அவர் சொல்ல, அந்தப் பக்கம் பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர், பிடித்துக்கொண்டு திட்ட, நாலு நிமிடம் ஓடிவிட்டது. வெளியே வந்து பில் சீட்டைப் பார்த்து, 'ஏனுங்க, அவன் திட்டுனதுக்கும் நானேதான் காசு கட்டோணுமா?' என்று கேட்டார். நான் என்ன சொல்வது, கட்டத்தான் வேண்டும்.

2002 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுப் பேச்சில் அரசுக் கம்பெனியாக இருந்த விஎஸ்என்எல்லுக்கு இருந்த ஏகபோகம் முடிவுக்கு வந்ததும் அதே சமயத்தில்தான். கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம், ஆனால் உள்நாட்டில் இருக்கும் ஒரு போனுக்கு மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து பேசக்கூடாது. விதி அப்படி. என் பூத்துக்கு இரண்டு கடை தள்ளி இருந்த பிரவுசிங் சென்டரில் 'நெட் கால்' என்று அட்டை தொங்கியது. என் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போனவர்கள் பாதிப் பேர் திரும்பியும் வந்தார்கள், ஏனென்றால் அங்கே பேச்சில் பாதி நேரம் 'ஹலோ, கேட்குதா' என்பதிலேயே போய்விடும். நாம் பேசும் ஒரு நொடியை ஐம்பது துண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டாக அனுப்புகிறார்கள், அந்தத் துண்டுகள் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தாலோ வழியில் தொலைந்தாலோ குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும் என்று அந்தச் சென்டர் பையன்தான் எனக்கு விளக்கினான். டயல்-அப் மோடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும். 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது, துண்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர ஆரம்பித்தன, எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருஷத்தில் பூத்தை மூடினேன். அதைப் பற்றி வருத்தமெல்லாம் இல்லை, போக வேண்டியது போனது.

சரி, வளர்ச்சிக்கு வருகிறேன். இணையத்தில் பேசும் செயலியான ஸ்கைப் தொடங்கியது 2003-ல். இரண்டே வருஷத்தில் இணைய வியாபார நிறுவனமான இபே அதை சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கியது, 2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது, 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். வாட்ஸ்ஆப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது 2014-ல், அப்போது அதில் பேசும் வசதியே கிடையாது. அது 2015-ல் வந்தது. அடுத்த வருஷமே தினமும் 10 கோடி அழைப்பு என்று அந்த நிறுவனம் சொன்னது, கொரோனா வருஷமான 2020-ன் கடைசி நாளில் மட்டும் 140 கோடி குரல், வீடியோ அழைப்புகள் போயின. சும்மா கொடுக்கிற சரக்குக்கு எவனாவது இத்தனை கோடி கொடுப்பானா? என் பூத்துக்கு அட்வான்ஸ் தவிர எவனும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவில்லை!

காசு எங்கேயும் போகவில்லை, பை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு நிமிடத்துக்குக் கொடுத்ததை இப்போது மாசத்துக்கு டேட்டா என்று கொடுக்கிறோம். இந்த மாற்றத்தைப் போன் கம்பெனிகள் முதலில் எதிர்த்துத்தான் பார்த்தன. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்துவிட்டு, வந்த எதிர்ப்பில் சில நாளிலேயே பின்வாங்கியது. அப்புறம் 2016-ல் ஜியோ வந்தபோது அதில் சாதாரண காலே இணைய முறையில்தான் போனது, 2ஜி 3ஜி என்று எதுவுமே அவர்களிடம் இல்லை. ஆக, பச்சைப் பட்டனை அழுத்திப் பேசுவதும் இன்றைக்குப் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் போகிறது. விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் திருட்டும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இங்கே வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 53 பைசா சேர வேண்டும் என்று இருந்தது, 2018 பிப்ரவரியிலிருந்து 30 ஆக்கினார்கள், பிறகு மறுபடி மாற்றினார்கள். அந்தப் பைசாவை அமுக்கத்தான் வீட்டு மாடியில் சிம் பாக்ஸ், அதாவது நிறைய சிம் கார்டு செருகிய பெட்டி, வைத்து வெளிநாட்டு அழைப்பை உள்ளூர்க் கால் மாதிரி இறக்கிவிடுகிறார்கள். 'கள்ள எக்ஸ்சேஞ்ச் பிடிபட்டது' என்று பேப்பரில் வருகிறதே, அந்தச் சங்கதிதான்.

ஆனால் நான் எழுத வந்தது வியாபாரத்தைப் பற்றி, அதைக் கட்டுரை தொடவே இல்லை. என் அக்கா மகன் சின்னதாக ஒரு கார்மென்ட் யூனிட் வைத்திருக்கிறான். ஒருநாள் மதியம் அங்கே போயிருந்தேன். பையர் வீடியோவில் இருக்கிறார், மேசை மேல் ஒரு டி-சர்ட் விரித்துக் கிடக்கிறது, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் கழுத்துப் பட்டியில் இஞ்ச் டேப்பை வைத்துக் காட்டுகிறாள், அரை சென்டிமீட்டர் கூடுதல். பிரிண்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்கிறார் அவர், இவள் பட்டர் பேப்பரை நகர்த்திக்கொண்டே 'ஹியர்? ஹியர்?' என்று கேட்கிறாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. என் காலத்தில் இதற்கு ஒரு ஃபேக்ஸ், ஒரு கூரியர், இரண்டு வாரம். இந்த இரண்டு வாரம்தான் ஐயா இணைய அழைப்பின் வியாபார மதிப்பு, மிச்சமாகும் போன் பில் எல்லாம் சில்லறை. (துணியின் ஷேடை, அதாவது நிறத்தை, மட்டும் வீடியோவில் பார்த்து ஓகே வாங்கிவிடாதீர்கள். கேமராவில் எல்லா நேவி ப்ளூவும் ஒன்றுபோலத்தான் தெரியும், சாயம் ஏற்றிய மாதிரித் துணியான லேப் டிப்பைக் கூரியரில் அனுப்பித்தான் ஆக வேண்டும். பேசி முடித்ததை அன்றைக்கே மெயிலிலும் போட்டுவிடுங்கள், வீடியோவில் சொன்னதற்குக் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.)

அதே யூனிட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக இரண்டு பையர்களின் பேச்சு முழுக்க அங்கே வேலை பார்த்த ஒரு பையனின் சொந்த போனில், சொந்த நம்பரில்தான் நடந்தது. ஃப்ரீதானே, எதற்குக் கம்பெனி நம்பர் என்று விட்டுவிட்டார்கள். அவன் நல்ல பையன்தான், வேறு இடத்தில் சம்பளம் கூட வந்தது, போய்விட்டான். நம்பரும் அவனோடு போய்விட்டது. பையர் அந்த நம்பருக்கே அழைக்கிறார், மெசேஜ் போடுகிறார், இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு ரிப்பீட் ஆர்டரின் அளவு மாற்றம் அந்த போனிலேயே மூன்று வாரம் கிடந்து, துணி வெட்டிய பிறகுதான் தெரிய வந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் நம்பர் அவனுடையது. பத்து லட்சம் ரூபாய் மெஷினுக்கு இன்சூரன்ஸ் போடுகிறவர்கள் பையர் கூப்பிடும் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் ஆகாது. கம்பெனி பெயரில் ஒரு நம்பர், அது ஐந்து பேர் போனிலும் அடிக்கும், ஒன்றை அழுத்தினால் அக்கவுண்ட்ஸ், இரண்டை அழுத்தினால் மெர்ச்சண்டைசிங், எடுக்காமல் விட்ட காலெல்லாம் வரிசையாக ஒரு இடத்தில் இருக்கும். முன்பு இதற்குச் சுவரில் காலைப் பிரித்துக் கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி ஒன்றும் பத்துப் பதினைந்து ஒயரும் வேண்டும், இப்போது மாச வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் கம்பெனி லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸ்ஆப் பிசினஸ் தொடங்கலாம், சரிபார்ப்பு எண்ணை அந்த லேண்ட்லைனுக்குப் போன் செய்து சொல்வார்கள். இதைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கால் சென்டர் மாதிரி நடத்துகிறவர்களுக்கு இருந்த பதிவுத் தொல்லையைக்கூட 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் அரசு ஏறக்குறைய எடுத்துவிட்டது. பெரிய ஐடி கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன, பனியன் கம்பெனி வரைக்கும் சேதி வரவில்லை.

எல்லாம் நல்லதுதான் என்றும் சொல்ல மாட்டேன். துபாய் பையரிடம் வாட்ஸ்ஆப்பில் பேச முடியாது, அந்த நாட்டில் அந்தக் காலுக்கு அனுமதி இல்லை, அங்கே ஒப்புக்கொண்ட செயலிகளில்தான் பேச வேண்டும். சவுதி 2017-லேயே தடையைத் தளர்த்திவிட்டது, அமீரகம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் கரண்ட். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே பேட்டரி மின்சாரம் வந்தது, ஊரே இருட்டில் கிடந்தாலும் என் பூத்தில் போன் அடித்தது. இப்போது ரூட்டர் அணைந்தால் கம்பெனியும் ஊமை. தையல் மெஷினுக்கு ஜெனரேட்டர் போடுகிறவர்கள் ரூட்டரை அந்த லைனில் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருதடவை பார்க்கட்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது சின்னத் தொழில் செய்பவர்களுக்காக அரைப் பக்கம் ஒதுக்குங்கள், கம்பெனி நம்பர் வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் போட்டால்கூடப் போதும்.

அக்கா மகன் இப்போது கம்பெனி பெயரில் நம்பர் வாங்கிவிட்டான். புது விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. பழைய கார்டு இரண்டு பெட்டி மிச்சம், அதில் ஸ்கைப் ஐடியும் அந்தப் பையனின் நம்பரும் இருக்கிறது. தூக்கிப் போடட்டுமா மாமா என்றான். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, கட்டிங் டேபிளில் பீஸ் கணக்கு எழுத வைத்துக்கொள் என்றேன்.

இப்படிக்கு,
பழைய பூத்காரன்,
திருப்பூர்.