மாத்திரை உறையில் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் மயிலாடுதுறையில் மருந்தாளுநராக இருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளிடம் தங்கிவிட்டு வரும் பெரியவர்கள், அங்கே வாங்கிய மாத்திரைப் புட்டிகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ‘டேக் ஒன் டேப்லட் நைட்லி’ என்று ஒட்டியிருக்கும். டெய்லி, வீக்லி மாதிரிதான் நைட்லியும்: ஓர் இரவுகூட விடக்கூடாது. பலரோ ராத்திரியில் போடும் மாத்திரை என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். ஓர் அம்மா, கல்யாண வீட்டில் பலகாரம் சாப்பிட்ட ராத்திரிகளில் மட்டும் கொழுப்பு மாத்திரை போட்டு வந்தார். அது சிம்வாஸ்டாட்டின். கல்லீரல் கொலஸ்ட்ராலை இரவில்தான் அதிகம் உண்டாக்கும், அதனால்தான் அதற்கு இரவு வேளை. நினைத்தபோது போட்டால் பலன் இல்லை.

சரி, நம் ஊர் டாக்டர் சீட்டில் காலை-மதியம்-இரவு என்ற வரிசையில் வரும் 0-0-1? வேளை தெரிகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது தெரியாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் ‘எச்.எஸ்.’ என்று ஒரு குறிப்பு. படுக்கும் நேரம் என்பதற்கான லத்தீன் சுருக்கம் அது. ‘ஹாஃப் ஸ்ட்ரெங்த்’, அதாவது அரை வீரியம் என்றும் அதைப் படித்துவிடலாம்.

‘தினமும் இரவு 1’, ‘ஞாயிறு இரவு மட்டும் 1’ என்று டாக்டர்கள் சீட்டிலும் கடைக்காரர்கள் உறையிலும் தமிழில் எழுதித் தர வேண்டுகிறேன்.

– மருந்தாளுநர், மயிலாடுதுறை